எஸ்பெராண்டோவில் வரையறைப் பொருண்மை: 'லா' எனும் சுட்டிடைச்சொல்லும் தமிழாசிரியர்க்கு அது உணர்த்துவதும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முன் வரும் 'தி', 'எ' போன்ற சொற்கள் தமிழில் இல்லை என்பது இலக்கண வகுப்புகளில் வழக்கமாகக் கூறப்படும் செய்தியாகும். செய்தி சரியானதே. ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு பெரும்பாலும் பிழையாகிவிடுகிறது. சொல் இல்லாமையால் அச்சொல் உணர்த்தும் பொருளும் தமிழில் இல்லை என்றோ, இருப்பினும் தெளிவற்றுக் கிடக்கிறது என்றோ மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். அவ்வெண்ணம் மொழிபெயர்ப்பில் இடந்தோறும் 'அந்த' என்றும் 'ஒரு' என்றும் எழுதும் பழக்கமாக வெளிப்படுகின்றது.

இச்சிக்கலை இயற்கை மொழிகளைக் கொண்டு விளக்குவது எளிதன்று. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றின் சுட்டிடைச்சொற்கள் பல நூற்றாண்டு வரலாற்றைச் சுமந்து நிற்பவை. அவற்றில் எது பொருளால் வந்தது, எது வழக்கால் வந்தது எனப் பிரித்தறிவது கடினம். ஒருவர் திட்டமிட்டு அமைத்த ஆக்க மொழியில் நிலை வேறு. அங்கு ஓர் இலக்கணக்கூறு இடம்பெற்றதும் விடுபட்டதும் ஒருவரது முடிவால் நிகழ்ந்தவை. ஆகவே, எஸ்பெராண்டோ மொழியின் 'லா' எனும் ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டு, வரையறைப் பொருண்மை என்பது உண்மையில் எங்கே உறைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

கலைச்சொற்கள் குறித்து ஒரு விளக்கம் இங்குத் தேவைப்படுகிறது. பேசுவோர் சுட்டும் பொருள் இன்னதெனக் கேட்போரும் இனங்காண முடியும் என்ற நிலையை 'வரையறைப் பொருண்மை' என்றும், அதனை உணர்த்தப் பெயரை அடுத்து வரும் தனிச்சொல்லைச் 'சுட்டிடைச்சொல்' என்றும் இக்கட்டுரை குறிக்கிறது. எஸ்பெராண்டோத் தொடர்கள் ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.

2. முதல் விதியும் அதன் குறிப்பும்

எஸ்பெராண்டோவை அமைத்தவர் லுட்விக் சாமென்ஹோஃப் (1859–1917) என்னும் கண் மருத்துவர். அன்றைய உருசியப் பேரரசிற்கு உட்பட்டிருந்து, இன்று போலந்தில் உள்ள பியாலிஸ்டோக் நகரில் பிறந்தவர். உருசியம், இத்திஷ், போலிஷ், ஜெர்மன் எனப் பல மொழிகள் வழங்கிய நகரம் அது. இவற்றுள் உருசியத்திலும் போலிஷிலும் சுட்டிடைச்சொல் இல்லை. இத்திஷிலும் ஜெர்மனிலும் உண்டு. எனவே இரு வகை மொழிகளுக்கும் இடையே வளர்ந்தவர் அவர் எனலாம்.

1887-இல் வார்சாவில் உருசிய மொழியில் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே 'லா' இடம்பெற்றுவிட்டது. 1905-இல் வெளிவந்த 'ஃபுண்டமெண்டோ' எனும் அடிப்படை நூல், அதே ஆண்டு பிரான்சின் பூலோன்-சூர்-மேர் நகரில் கூடிய முதல் உலக எஸ்பெராண்டோ மாநாட்டின் அறிக்கையால் மாற்றவொண்ணாத அடிப்படையாக ஏற்கப்பட்டது. அந்நூலின் பதினாறு விதிகளுள் முதல் விதியே சுட்டிடைச்சொல் பற்றியதாகும்.

அவ்விதி கூறுவது இது: வரையறாச் சுட்டிடைச்சொல் இல்லை, வரையறைச் சுட்டிடைச்சொல் ஒன்றே உண்டு, அது பால், வேற்றுமை, எண் ஆகிய எதனாலும் வேறுபடாது. ஆகவே 'லா லிப்ரோ' (புத்தகம்), 'லா லிப்ரோய்' (புத்தகங்கள்), 'லா லிப்ரோன்' (புத்தகத்தை), 'லா லிப்ரோய்ன்' (புத்தகங்களை) என எல்லா இடத்தும் 'லா' மாறாது நிற்கிறது; மாற்றமெல்லாம் பெயரின் ஈற்றில் நிகழ்கின்றது. பால், எண், வேற்றுமை ஆகியவற்றிற்கேற்ப வடிவம் மாறும் ஜெர்மன் சுட்டிடைச்சொல்லோடு ஒப்பிட்டால் இது பெரும் எளிமையாகும்.

வடிவம் எளிமையானது, பயன்பாடு எவ்வாறு அமையும்? விதியின் பிரெஞ்சுப் பகுதியிலும் உருசியப் பகுதியிலும் ஒரு குறிப்புச் சேர்க்கப்பட்டுள்ளது. 'லா'வின் பயன்பாடு ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளில் உள்ளது போன்றதே. அது கடினமாகத் தோன்றுவோர் அதனைப் பயன்படுத்தாமலே விட்டுவிடலாம் என்பது அக்குறிப்பின் சாரம். இரண்டே தொடர்களில் அமைந்த இக்குறிப்பே இக்கட்டுரையின் மையப்பொருள். முதல் தொடர், விளக்கும் பொறுப்பைப் பிற மொழிகளிடம் ஒப்படைத்துவிடுகிறது. இரண்டாம் தொடர், அப்பொறுப்பிலிருந்து கற்போரையே விடுவித்துவிடுகிறது. இவ்வாறு விருப்பிற்கு விடப்பட்ட நிலை வேற்றுமை ஈற்றுக்கோ பன்மை ஈற்றுக்கோ அளிக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

3. 'லா' வரும் இடங்களும் வாரா இடங்களும்

குறிப்பின் முதல் தொடரை முதலில் காண்போம். 'லா' ஐயத்திற்கு இடமின்றி வரும் இடங்கள் சில உள.

முன்னர்ச் சொல்லப்பட்டதை மீண்டும் சுட்டும் இடம் முதலாவது. 'மி அச்சேட்டிஸ் லிப்ரோன். லா லிப்ரோ எஸ்டஸ் டீகா.' (நான் ஒரு புத்தகம் வாங்கினேன். அந்தப் புத்தகம் தடிமனானது.) முதல் தொடரில் புத்தகம் புதிதாக அறிமுகமாவதால் 'லா' இல்லை, இரண்டாம் தொடரில் அது கேட்போர் அறிந்ததாகிவிட்டமையால் 'லா' வருகிறது. உலகில் ஒன்றே என அனைவரும் அறிந்தவற்றிற்கும் 'லா' உரியது. 'லா சூனோ' என்பது ஞாயிறு. ஓர் இனம் முழுவதையும் ஒருமையால் குறிக்கும்போதும் அது வரும். 'லா லெயோனோ எஸ்டஸ் ஃபோர்ட்டா பெஸ்டோ' என்பது 'சிங்கம் வலிமையான விலங்கு' எனப் பொருள்படும். சூழலால் உரியவர் இன்னார் எனத் தெளிவாகும் உடலுறுப்புப் பெயர்களும் உறவுப் பெயர்களும் 'லா' பெறும்.

மொழிப்பெயர்கள் சுவையான சான்று தருகின்றன. பெரும்பாலான மொழிகளின் பெயர்கள் எஸ்பெராண்டோவில் பெயரடைகளாகும். 'லா தமிலா லிங்வோ' எனின் தமிழ்மொழி. 'லிங்வோ' தொக்கு, 'லா தமிலா' என்பதே வழக்கு. பெயரடை மட்டும் நின்று பெயர்ப்பொருளை உணர்த்துவதற்கு இங்கு 'லா' துணை நிற்கின்றது. எஸ்பெராண்டோ என்பதோ பெயர்ச்சொல்லே ஆதலின் 'லா' பெறுவதில்லை.

'லா' வாரா இடங்களும் தெளிவானவையே. மனிதரின் இயற்பெயர்க்கு முன்னும், 'மீயா லிப்ரோ' (என் புத்தகம்) போன்ற உடைமைத் தொடரிலும் அது வாராது. 'லி எஸ்டஸ் இன்ஸ்ட்ரூஇஸ்டோ' (அவர் ஆசிரியர்) எனத் தொழிலைப் பயனிலையாகக் கூறும் தொடரிலும் இல்லை.

சிக்கல் இவற்றிற்கு இடைப்பட்ட பரப்பில் எழுகிறது. பண்புப் பெயர்களும் பொருட்பெயர்களும் அங்கு அடங்கும். வாழ்க்கை என்பதைப் பொதுநிலையில் கூறப் பிரெஞ்சு மொழி சுட்டிடைச்சொல்லைக் கட்டாயமாக்கும், ஆங்கிலம் விலக்கும். நாட்டுப்பெயர்களில் பிரெஞ்சும் ஜெர்மனுமே உடன்படுவதில்லை. பிரெஞ்சுக்காரர் தம் நாட்டின் பெயரைச் சுட்டிடைச்சொல்லுடன் வழங்குவர். ஜெர்மானியர் தம் நாட்டின் பெயரை அஃதின்றி வழங்குவர். எஸ்பெராண்டோ நாட்டுப்பெயர்களில் பொதுவாக 'லா'வை விலக்குகிறது. 'ஜெர்மன், பிரெஞ்சு முதலியவற்றில் போல' என்னும் வழிகாட்டல், அம்மொழிகள் ஒன்றற்கொன்று மாறுபடும் இடத்தில் பயனிழக்கிறது. பண்புப் பெயர்களில் எஸ்பெராண்டோ எழுத்தாளர்களிடையே 'லா' வருதலும் வாராமையும் ஆகிய இருவகை வழக்கும் காணப்படுவதற்கு இதுவே காரணம். சுருங்கிய முதல் விதியின் இடத்தைப் பிற்கால இலக்கண நூல்கள் நீண்ட விளக்கங்களால் நிரப்ப வேண்டியதாயிற்று. 1935-இல் கலோச்சாயும் வாரின்கியனும் இயற்றிய முழு இலக்கணம் அவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

4. விட்டுவிடலாம் என்ற அனுமதி

இனிக் குறிப்பின் இரண்டாம் தொடர். 'லா'வை விட்டுவிடலாம் என்ற அனுமதி கற்போர்க்கு இரங்கி அளிக்கப்பட்டது. ஆயின் அது மொழியமைப்போடு முரண்படுகிறது.

'லெர்னாண்டோ வேனிஸ்' என்னும் தொடரைக் கொள்வோம். 'லா'வை முறையாகப் பயன்படுத்துவோர் இவ்வாறு கூறின், 'யாரோ ஒரு மாணவர் வந்தார்' என்பது பொருள். நாம் அறிந்த மாணவராயின் 'லா லெர்னாண்டோ வேனிஸ்' என்றிருப்பார். வரையறாமையைக் காட்ட எஸ்பெராண்டோவில் தனிச்சொல் இல்லாமையால், 'லா'வின் இன்மையே அப்பொருளைத் தரும் குறியாகிறது. 'லா'வை அறவே விட்டுவிட்டவர் அதே தொடரைக் கூறினாலோ, இரண்டு பொருளில் எது என்பது கேட்போர்க்கு விளங்காது. இன்மையும் ஒரு குறியாக அமைந்துவிட்ட மொழியில், ஒரு சொல்லை விடுவதும் ஒன்றைச் சொல்வதாகவே முடியும். அதனால் இவ்வனுமதி ஏட்டளவில் நிலைத்ததே அன்றி, தேர்ந்தோர் வழக்கில் நிலைபெறவில்லை. 'லா'வை விடுதல் இன்று தொடக்கநிலைக் கற்போரின் அடையாளமாகவே கருதப்படுகிறது.

சாமென்ஹோஃப் இம்முரணை உணராதவர் அல்லர் என்று கருத இடமுண்டு. 1894-இல் அவரே முன்வைத்த சீர்திருத்தத் திட்டத்தில் சுட்டிடைச்சொல்லை முற்றிலும் நீக்குவதும் ஒன்றாக இருந்தது. 'லா எஸ்பெராண்டிஸ்டோ' எனும் இதழின் வாசகரிடையே நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டா என்றனர், 'லா' நிலைத்தது. மொழியை ஆக்கியவரே தேவையற்றது எனக் கருதிய ஒன்றை, ஏழே ஆண்டுகளில் அதனைப் பேசுவோர் கைவிட மறுத்தனர். ஆக்க மொழியாயினும் வழங்கத் தொடங்கிய பின் அது பேசுவோர் உடைமையே ஆகிவிடுகிறது.

ஆயினும் அவ்வனுமதியின் பின்னால் ஓர் உண்மை உண்டு. உருசிய மொழியினர் சுட்டிடைச்சொல் இன்றியே வரையறைப் பொருண்மையை உணர்த்துகின்றனர். சொல்வரிசை அவர்க்குத் துணைசெய்கிறது. அறிந்தது முன்னும் புதியது பின்னும் வரும். எஸ்பெராண்டோவிலும் சொல்வரிசை நெகிழ்வுடையது ஆதலின், 'வேனிஸ் லெர்னாண்டோ' என முறைமாற்றிப் புதிய மாணவரை அறிமுகப்படுத்த இயலும். உருசியர்க்கு இயல்பான இவ்வுத்தி, சுட்டிடைச்சொல்லையே எதிர்பார்த்துப் பழகிய பிரெஞ்சுக்காரர்க்குப் புலப்படாது போகலாம். இருவரிடத்தும் பொருள் ஒன்றே. அதனை எங்குத் தேடுவது என்பதில்தான் அவர்கள் வேறுபடுகின்றனர்.

5. பிற ஆக்க மொழிகளின் தீர்வுகள்

ஜெர்மானியக் கத்தோலிக்கக் குருவான ஷ்லையர் 1879–80-இல் அமைத்த வோலாப்யூக் மொழியில் சுட்டிடைச்சொல் இல்லை. சுட்டிடைச்சொல் நிறைந்த மொழியில் பிறந்தவர் அதனை விலக்க, அஃது இல்லாத மொழிகளின் சூழலிலும் வளர்ந்த சாமென்ஹோஃப் அதனை ஏற்றது, தாய்மொழி மட்டுமே இத்தகைய தேர்வுகளை முடிவு செய்வதில்லை என்பதற்குச் சான்று. கணித அறிஞர் பியானோ 1903-இல் முன்வைத்த விகுதியற்ற இலத்தீனும் சுட்டிடைச்சொல்லைக் கொள்ளவில்லை. 1951-இல் வெளிவந்த இன்டர்லிங்குவாவோ 'லே', 'உன்' என இருவகையையும் கொண்டது.

எஸ்பெராண்டோவிலிருந்து 1907-இல் கிளைத்த இடோ மொழி 'லா'வைக் காத்தது. எனினும் எண்ணைக் காட்டும் வழி வேறில்லாத இடத்தில் மட்டும் 'லே' என்ற பன்மை வடிவத்தைச் சேர்த்தது. 'லா போனா' எனின் நல்லவர் ஒருவர். 'லே போனா' எனின் நல்லவர் பலர்.

இவை அனைத்தினும் வேறான நோக்குடையது, அளவையியலை அடிப்படையாகக் கொண்டு 1987 முதல் உருவான லோஜ்பான். அதன் முதல் அமைப்பில் 'லோ', 'லே' என்னும் இரு சொற்கள் பகுக்கப்பட்டன. உண்மையிலேயே அப்பெயர்க்கு உரியதைக் குறிப்பது 'லோ'. பேசுவோர் தம் மனத்தில் கொண்ட ஒன்றை, தாம் அழைக்க விரும்பும் பெயரால் குறிப்பது 'லே'. புலிவேடமிட்டு ஆடும் கலைஞரைச் சுட்டி 'லே' சேர்த்துப் 'புலி' எனலாம். 'லோ' சேர்த்துக் கூறின் அது பொய்யாகிவிடும். 2000-களில் இப்பாகுபாடு திருத்தப்பட்டு, 'லோ' பொதுச்சொல்லாக விரிவடைந்தது. எனினும் அந்த முதல் பாகுபாடு ஒன்றைத் தெளிவாக்குகிறது. கேட்போர் இனங்காணக்கூடியது என்பதும், பேசுவோர் மனத்தில் குறித்து வைத்தது என்பதும் ஒன்றல்ல. பின்னதை நாம் 'குறித்த பொருண்மை' எனலாம்.

6. தமிழ் நோக்கில்: ஐ உருபும் எஸ்பெராண்டோவின் இரண்டாம் வேற்றுமை ஈறும்

தமிழறிந்தோர் எஸ்பெராண்டோவைக் கற்கத் தொடங்கும்போது, அதன் செயப்படுபொருள் ஈறாகிய 'ன்' நம் ஐ உருபை நினைவூட்டும். ஒப்புமை பாதி அளவே உண்மை. எஸ்பெராண்டோவில் அவ்வீறு எல்லா நேர் செயப்படுபொருளுக்கும் கட்டாயம். 'மி வீடஸ் லிப்ரோன்' எனினும் 'மி வீடஸ் லா லிப்ரோன்' எனினும் ஈறு மாறுவதில்லை. வரையறையை 'லா' மட்டுமே காட்டுகிறது. வேற்றுமைக்கு ஒன்று, வரையறைக்கு ஒன்று எனப் பணி பகுக்கப்பட்டுள்ளது.

தமிழில் அஃறிணைப் பெயர்கள் ஐ உருபு தொக்கும் விரிந்தும் வரும். மரபிலக்கணம் இதனைத் தொகை, விரி என விளக்குகிறது. ஆயின் இரண்டிற்கும் இடையே பொருள் வேறுபாடும் உண்டு. 'மாணவர் புத்தகம் வாங்கினார்' என்பதில் அவர் செய்த செயல் புத்தகம் வாங்குதல். எப்புத்தகம் என்பது பேச்சில் இல்லை. 'மாணவர் புத்தகத்தை வாங்கினார்' என்பதில் நாம் அறிந்த ஒரு புத்தகம் நிற்கிறது. எனவே ஓர் உருபே வேற்றுமையோடு வரையறைப் பொருளையும் சுமக்கிறது.

இன்னும் நுட்பமான இணை உண்டு. 'ஒரு புத்தகம் தேடுகிறேன்' எனின் எப்புத்தகமாயினும் போதும். 'ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன்' எனின் என் மனத்தில் ஒன்று உண்டு. கேட்போர்க்கு அது இன்னும் தெரியாது. 'லா' இவ்விடத்தில் உதவாது. கேட்போர் அறியாததற்கு அது வாராது. 'மி சேர்ச்சஸ் லிப்ரோன்' என்னும் எஸ்பெராண்டோத் தொடர் இரு பொருளுக்கும் இடம் தந்து நிற்கும். தெளிவு வேண்டின் வேறு சொல் சேர்த்தாக வேண்டும். சுட்டிடைச்சொல் இல்லாத தமிழ், சுட்டிடைச்சொல் உள்ள மொழி பகுக்காத ஒன்றை ஓர் உருபால் பகுத்துக் காட்டுகிறது.

உயர்திணைப் பெயர்க்கு ஐ உருபு கட்டாயம் என்பது பொதுவிதி. அவ்விதி நெகிழும் இடமே இப்பொருண்மையின் ஆற்றலை நன்கு காட்டுகிறது. திருமணப் பேச்சில் 'பெண் பார்க்கிறார்கள்' என்கிறோம். இன்னார் என உறுதியாகாத நிலையில் உருபு இல்லை. 'பெண்ணைப் பார்த்தார்கள்' என்றவுடன் குறித்த ஒரு பெண் முன்னிற்கிறாள்.

எழுவாய் இடத்தில் ஐ உருபிற்கு வேலையில்லை. அங்குச் சொல்வரிசை அப்பணியை ஏற்கிறது. 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்பது அறிந்த புத்தகத்தின் இருப்பிடத்தைக் கூறுகிறது. 'மேசைமேல் புத்தகம் இருக்கிறது' என்பது மேசைமேல் உள்ளது யாது எனக் கூறுகிறது. உருசிய மொழி கையாளும் வழியும் இதுவே.

'ஒரு' என்பது தனித்து நோக்கத்தக்கது. பல மொழிகளில் வரையறாச் சுட்டிடைச்சொல் எண்ணுப்பெயரான 'ஒன்று' என்பதிலிருந்தும், வரையறைச் சுட்டிடைச்சொல் சுட்டுச்சொல்லிலிருந்தும் பிறந்தவை. வரையறாச் சுட்டிடைச்சொல் இல்லை என விதித்த சாமென்ஹோஃபும், தம் அடிப்படை நூலின் பயிற்சிப் பகுதியில் கதையொன்றைத் தொடங்கும்போது, 'ஒன்று' எனப் பொருள்படும் 'ஊனு' என்பதைப் பெயர்க்கு முன் வைத்தார். நம் கதைகள் 'ஓர் ஊரில்' எனத் தொடங்குவதும் இவ்வகையினதே. புதிய கதைமாந்தரை அவைக்குக் கொணரும்போது, விதியில் இல்லாத சொல்லையும் கதை சொல்வோர் வேண்டி நிற்பர் போலும்.

7. வகுப்பறைக்குச் சில கருத்துகள்

வரையறைப் பொருண்மையின் இயல்பு பற்றி அறிஞரிடையே இரு நோக்குகள் நெடுங்காலமாக உள்ளன. ஃபுண்டமெண்டோ வெளிவந்த அதே 1905-இல் மெய்யியலாளர் பெர்ட்ரண்டு இரசல் எழுதிய கட்டுரை, சுட்டப்படுவது ஒன்றே ஒன்றாக இருத்தலை முதன்மைப்படுத்தியது. 1939-இல் கிறிஸ்டோஃபர்சன் ஆங்கிலச் சுட்டிடைச்சொற்கள் பற்றி எழுதிய நூல், கேட்போர் அதனை அறிந்திருத்தலை முதன்மைப்படுத்தியது. மொழியாசிரியர்க்குப் பின்னதே உடனடிப் பயன் தரும். 'இங்கு எச்சொல்லைப் போடுவது?' எனக் கேட்கும் மாணவரிடம், 'இதனைக் கேட்போர் முன்பே அறிவாரா?' எனத் திருப்பிக் கேட்கலாம்.

அவ்வினா எழுந்தபின், மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்கு ஒப்பீடு எளிதாகிறது. அவர்கள் அறிந்த மலாய்மொழி, பெயர்க்குப் பின் 'இத்து' எனும் சுட்டைச் சேர்த்து அறிந்த பொருளைக் குறிக்க வல்லது. ஆங்கிலம் தனிச்சொல்லை வைக்கிறது. தமிழ் உருபையும் சொல்வரிசையையும் கையாளுகிறது. மூன்று வழிகளையும் அன்றாடம் கையாளும் மாணவரிடம், ஒரு வழியே முழுமையானது என்றும் ஏனையவை குறையுடையன என்றும் தோன்றவிடுவது அவர்தம் மொழியறிவையே குறைத்து மதிப்பதாகும்.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மூன்றைக் கருத்தில் கொள்ளலாம். ஆங்கிலத் தொடரில் வரையறைச் சுட்டிடைச்சொல் வரும் இடமெல்லாம் 'அந்த' தேவைப்படுவதில்லை. முன்னர்க் கூறியதை அழுத்திச் சுட்டும் இடத்தில் மட்டுமே அது பொருந்தும். 'அவர் ஓர் ஆசிரியர்' என்பதினும் தொழிலை மட்டும் கூறும் இடத்தில் 'அவர் ஆசிரியர்' என்பதே இயல்பு. எஸ்பெராண்டோவும் இங்குத் தமிழோடு உடன்படுகிறது. ஐ உருபைச் சேர்த்தும் நீக்கியும் ஒரே தொடரை எழுதச் செய்து, பொருள் எவ்வாறு மாறுகிறது என மாணவரையே கூறச் செய்வது, உருபைப் பட்டியலாக மனனம் செய்விப்பதினும் பயனுடையது.

8. முடிவுரை

உலகப் பொதுமொழியொன்றைப் பதினாறு விதிகளுள் அடக்க முயன்றவர், முதல் விதியிலேயே பயன்பாட்டைப் பிற மொழிகளிடம் விட வேண்டியதாயிற்று. அது அவரது திறமைக் குறைவன்று. வரையறைப் பொருண்மை, பேசுவோர் கேட்போரின் அறிவை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதில் உறைகிறது. அம்மதிப்பீட்டை எந்த விதியாலும் முன்கூட்டி எழுதிவைக்க இயலாது. சுட்டிடைச்சொல் அம்மதிப்பீட்டை வெளியிடும் வழிகளுள் ஒன்று, உருபு மற்றொன்று, சொல்வரிசை இன்னொன்று.

தமிழில் சுட்டிடைச்சொல் இல்லை என்று கற்பிக்கும் ஆசிரியர், அத்தொடரை அங்கேயே நிறுத்திவிடாமல், அப்பணியைத் தமிழில் எது செய்கிறது என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும். ஐ உருபு எப்பொழுது விரிகிறது, எப்பொழுது தொகுகிறது என்பதை இந்நோக்கில் இக்காலத் தமிழ் எழுத்திலும் பேச்சிலும் விரிவாகத் தொகுத்து ஆராய்வது, நம் துறையினர் மேற்கொள்ளத்தக்க நல்ல ஆய்வுப் பணியாகும்.